கரும்பலகையில் பிழைத்த டொமினிக்கா

1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த நான், மனைவியுடன் சிட்னிக்கு வந்து, லிட்கம் என்ற புறநகரில் குடியிருந்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் புவியியல் படிப்பிக்கத் தற்காலிக வேலை கிடைத்தது. வகுப்பை நேரில் பார்த்த பிறகுதான் நிரந்தரமாக்குவேன் என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லியிருந்தார்.

அவர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம், பாடத்தைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். பொதுநலவாயத்தில் புதிதாகச் சேர்ந்த டொமினிக்காதான் பாடம். தலைநகர் சாண்டோ டொமிங்கோ, மொழி ஸ்பானிஷ் என்று எழுதினேன். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை!

கூட்டித் துடைக்க வந்த பெண் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார். என் வயதுதான் இருக்கும்.

"சேர், நான் டொமினிக்காவில பிறந்தனான். நீங்கள் எழுதியிருக்கிறது டொமினிக்கன் குடியரசு. அது வேற நாடு," என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

எனக்குக் கூசிப்போயிற்று. அவர் சிரிக்கவில்லை. சோக்கை எடுத்து, இரண்டு பிரெஞ்சுத் தீவுகளுக்கு நடுவே தன் தீவை வரைந்தார். தலைநகர் ரோசோ. அரச மொழி ஆங்கிலம், வீட்டில் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல். முதலில் பிரெஞ்சுக்காரரும் பிறகு பிரித்தானியரும் ஆண்டார்கள். இப்போது ராணி இல்லை, ஜனாதிபதியைப் பாராளுமன்றமே தெரிவு செய்கிறது. மலையில் கொதிக்கிற ஏரியொன்றும் இருக்கிறதாம்.

"எங்களுக்குச் சுதந்திரம் கிடைச்சு இன்னும் ஒரு வருசமாகேல்லை. உங்களுக்குத் தெரியாதது குற்றமில்லை. பிள்ளையள் பிழையாப் படிக்கக் கூடாது, அதுதான் சொன்னனான்."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அப்ப நாளைக்கு அவவையே வகுப்புக்குக் கூப்பிடுங்கோவன்," என்றாள். கூப்பிட்டால் என் பிழை அதிபருக்குத் தெரிந்துவிடும். வேலையும் போகலாம். காலையில் ரயிலில் போகும்போதும் மனம் இரண்டுபட்டபடியே இருந்தது.

ஆனால் அதிபர் பின்வரிசையில் உட்கார்ந்ததும், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, வெளியே கூட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை உள்ளே அழைத்தேன். வேலை உடுப்போடு கூச்சப்பட்டு வந்தவர், அரைமணி நேரம் பேசினார். கொதிக்கிற ஏரியில் முட்டை அவிக்கலாமா என்று ஒரு மாணவி கேட்க, வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அதிபர் எழுந்து முதலில் அவருக்குத்தான் கை கொடுத்தார். பிறகு என்னிடம், "வேலை உங்களுக்குத்தான். இனிமேல் விசாரித்துவிட்டு எழுதுங்கள்," என்றார்.

இலங்கை இந்தியாவில்தானே இருக்கிறது என்று இங்கே எத்தனையோ பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறையும், அந்தப் பெண் அன்று என்னை அவமானப்படுத்தாமல் விட்டதற்கு நன்றியாக, கோபப்படாமல் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கிறேன்.