ஜூன் நாலாம் தேதியில் ஓடிய கடை

என் அக்காவைப் பொறுமைசாலி என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். அவள் வாய் திறக்கமாட்டாள், அவ்வளவுதான். மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டாள் என்றால் வைத்ததுதான்.

அவர்களுடையது துணியில் எம்பிராய்டரி போடும் கடை. பள்ளிச் சட்டைப் பையில் சின்னம், டாக்டர் கோட்டில் பெயர், தொப்பியில் கம்பெனி முத்திரை. பன்னிரண்டு ஊசி வைத்த பெரிய மெஷின் ஒன்று, அதற்குப் படம் அனுப்ப ஒரு கம்ப்யூட்டர். அக்காவின் கணவர் வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பார். அக்கா உள்ளே உட்கார்ந்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகத் திரையில் வரைவாள். இப்படியே பதினொரு வருடம்.

அந்தப் படம் வரையும் புரோகிராமை விற்ற கம்பெனி நடுவில் இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டது. புரோகிராமின் அனுமதியோ ஒரு ஜூன் ஐந்தாம் தேதியோடு முடிகிறது. புதுப்பித்துத் தர ஆள் இல்லை. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். தினமும் காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தேதியைப் பின்னால் தள்ளி ஜூன் நாலு ஆக்கிவிடுவாள். புரோகிராமும் அதை நம்பிக்கொண்டு வேலை செய்தது. ஏழு வருடம் அந்தக் கடை ஒரே நாளில் ஓடியது.

அவள் கணவர் மாரடைப்பில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய தம்பி கடைப் பூட்டை மாற்றினான். "பட்டன் தட்டினதுக்கெல்லாம் பங்கு கேட்டா எப்படி அண்ணி? இன்னைக்கு என்ன தேதின்னே தெரியாம உக்காந்திருந்த ஆளு நீங்க!" என்று வாடிக்கையாளர்கள் நாலு பேர் முன்னால் சிரித்தான். அவளுடைய கைப்பையும் கண்ணாடியும் வாசற்படிக்கு வந்தன. நான் அங்கேயே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அக்காதான் என் கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஏழு மாதமாக என் வீட்டில் உட்கார்ந்து பேன்ட்டுக்கு அடி மடித்துத் தைக்கிறாள். அவன் நாசமாகப் போக வேண்டும் என்று நான் சபிக்காத நாள் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்காவுக்கு அவனிடமிருந்து போன், ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

குரலில் தேன் ஒழுகியது, கடன்காரப் பயல்.

"சொல்லுங்க தம்பி."

"கம்ப்யூட்டர் ரொம்பப் பழசாயிடுச்சாம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புது சிஸ்டம் போட்டுத் தரேன்னு ரிப்பேர்காரர் சொல்றார். உங்ககிட்ட கத்துக்கிட்டு இப்ப தினமும் தேதி மாத்துதே, அந்த ஆபரேட்டர் பொண்ணு, அக்காவைக் கேக்காம கை வைக்காதீங்கன்னு அடம் பிடிக்குது. போடலாமா, வேண்டாமா?"

நான் எதிரே நின்று, போடச் சொல், போடச் சொல் என்று கையை ஆட்டினேன். அக்கா, "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ம்னு ஒரு வார்த்தை சொல்லு, கடை படுத்துடும். இந்த மாதிரி நேரம் திரும்ப வராதுக்கா!"

"என்னோட படமும் போயிடும்டி. நாலாயிரம் படம்."

"இப்ப அதை வச்சு யாரு சாப்பிடறா?"

அவள் மூன்று பேன்ட் தைத்து முடித்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"வேண்டாம் தம்பி. புதுசு போட்டா தேதி தானா சரியாயிடும், புரோகிராம் பூட்டிக்கும். மறுபடி ஏத்தலாம்னாலும் புது சிஸ்டத்துல ஏறாது. படம் ஒண்ணுகூட மிஞ்சாது. இருக்கறபடியே விட்டுடுங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவனுக்குப் போய் நல்லது சொல்றே?"

அக்கா பல்லால் நூலைக் கடித்தாள். "போடுன்னு சொல்லியிருந்தா ரெண்டு தடவை யோசிப்பான். வேண்டாம்னேன் இல்ல? இந்நேரம் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டிருப்பான்."

"எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றே?"

"எனக்கு என்ன பண்ணினான்னு அவனுக்குத் தெரியும்டி. நான் நல்லது சொல்லுவேன்னு அவனால நம்ப முடியாது."

அம்மாடி! எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு நாள் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒருவேளை அக்கா சொன்னதைக் கேட்டுத் தொலைத்துவிடுவானோ என்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடித்தது.

"அண்ணி, மெஷின் நின்னுபோச்சு. ஒரு படமும் இல்ல. ஆறு ஸ்கூல் ஆர்டர் அப்படியே கிடக்கு. நாளைக்குக் கொடுக்கணும்."

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனே தம்பி."

"நீங்க வேண்டாம்னு சொன்னதாலதான் அண்ணி போட்டேன்" என்றான். "நீங்க மறுபடியும் வரைஞ்சு தருவீங்களா? எவ்வளவு பங்கு வேணும்னாலும்..."

"தரமாட்டேன்" என்றாள் அக்கா. மேலே ஒரு வார்த்தை இல்லை, வைத்துவிட்டாள்.

நான் குதித்தேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "பாவி, ஒரு படம்கூட மிச்சம் வைக்கல" என்று அழுதாள்.

"நீ பண்ணினதுதானேக்கா?"

"ஆமா, நான்தான் பண்ணினேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பசிக்குது, தட்டு எடுத்து வை."