சனிக்கிழமை பிஸ்கட்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் காளவாசலுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். நானும் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த கணக்கு டீச்சரும் தையல் டீச்சரும் சனிக்கிழமை மதியம் யாராவது ஒருத்தர் வீட்டில் கூடி டீ குடிப்பது வழக்கம். மூவருக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, இடுப்பு வலியும் வந்து சேர்ந்திருந்த காலம். வாரம் முழுக்கப் பள்ளியில் நின்று, பஸ்ஸில் நின்று, வீட்டிலும் நின்ற எங்களுக்கு உட்காருவதே ஒரு விசேஷமாக இருந்தது.

அதனால் ஒரு சட்டம் போட்டோம். போட்டவர் கணக்கு டீச்சர். எங்களில் மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவோம். யார் வீட்டு முறையோ அவள் மட்டும்தான் அடுப்படியில் நிற்க வேண்டும். வந்தவர்கள் அடுப்படிக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, குடித்த தம்ளரைக்கூடக் கழுவக் கூடாது. "போன எடத்துலயும் பாத்திரம் தேய்க்கவா போறோம்?" என்பார். அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில், மற்ற இருவர் வீட்டிலும் சுவரில் சாய்ந்து கடைச் சேவைக் கொறித்துக்கொண்டு, இன்னொருத்தி போட்ட டீயைச் சூடாகக் குடித்தேன். என் வீட்டில் என் டீ ஆறிப்போகாமல் நான் குடித்ததே இல்லை.

அதைக் கெடுத்தது ஓர் ஓவன். என் தம்பி பம்பாயிலிருந்து வாங்கி வந்தான். வட்டமான அலுமினியப் பாத்திரம், மூடியில் சின்னக் கண்ணாடி, கரண்டில் செருகினால் போதும். வெண்ணெயையும் பொடித்த சீனியையும் உள்ளங்கையால் தேய்த்து, மைதாவும் ஏலக்காயும் சேர்த்து உருட்டி, நடுவில் முந்திரியை அழுத்தி, அந்த வாரமே பிஸ்கட் சுட்டுக் கொடுத்தேன். தையல் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். "இனிமே எங்க வீட்டுல என்னத்தக்கா கூடுறது? இங்கயே வந்துருவோம்" என்றாள். அதிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் என் வீட்டிலேயே என்றாகிவிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பெருமை ஒரு மாதம் தாங்கியது. பிறகு அசதிதான் மிச்சம்.

அந்த ஓவனில் ஒரு ஈட்டுக்கு ஏழெட்டு பிஸ்கட்தான் வைக்கலாம். எங்கள் தெருவிலோ மதியத்தில் கரண்டு எப்போதும் மந்தம். எங்களுக்கு, பிள்ளைகளுக்கு, மாமனாருக்கு, அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப என்று ஈட்டுக்கு மேல் ஈடாகப் போட்டுக்கொண்டே இருப்பேன். முன்னறையில் இருவரும் சிரிப்பது அடுப்படியில் கேட்கும். என்ன விஷயம் என்று தெரிந்துகொள்ளத் தட்டோடு போவேன். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். ஒரு தடவைகூட அவர்கள் உள்ளே வந்து எட்டிப் பார்க்கவில்லை. அம்புட்டு ஒழுங்காகச் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. சொன்னால் சனிக்கிழமையே நின்றுபோகுமோ என்று பயம். அதுவும் நின்றால் எனக்கென்று அந்த வாரத்தில் வேறெதுவும் கிடையாது.

பங்குனி வெயில் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. பரீட்சைத் தாள் திருத்தித் திருத்திக் கண் எரிந்தது. முதல் ஈட்டை வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெள்ளையாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். அப்படியேதான் கிடந்தது. சரி, வேகட்டும் என்று தரையில் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மயக்கமில்லை, காய்ச்சலில்லை. எழுந்திருக்க மனமில்லை, அவ்வளவுதான்.

வெகுநேரம் பாத்திரச் சத்தமே கேட்காததால் அக்கா அடுப்படி நிலைவரை வந்தார். அங்கேயே நின்றார்.

"என்னடி, கீழ உக்காந்துட்ட? உள்ள வரலாமா?"

"என்னால முடியலக்கா" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் அங்கன சிரிக்கிறீக. நான் இங்கன வெந்துக்கிட்டு கெடக்கேன். எனக்கும் உக்காரணும்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"உனக்கு இதுல பிரியம்னுல்ல நெனச்சோம். இம்புட்டு நாளா வாயில என்னத்த வச்சிருந்த?"

பிறகு நிலையைத் தாண்டி உள்ளே வந்து ஓவன் சுவிட்சை அணைத்தார். பின்னாலேயே வந்த தையல் டீச்சர் என் முதுகுக்கு ஒரு தலையணையைச் செருகிவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்தாள். அக்கா என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, வேகாத பிஸ்கட் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "மாவு நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. டீ கைக்கு வருவதற்குள் கண் சொருகிவிட்டது.

எவ்வளவு நேரம் உறங்கினேனோ தெரியாது. உள்ளறையில் படுத்திருந்த மாமனார் டீக்காக என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் விழிப்பு வந்தது. அவர் எனக்கு இரண்டாவது குரல் கொடுத்ததே கிடையாது. முதல் குரலுக்கே போய் நின்றுவிடுவேன். இப்போதும் உடம்பு தன்னால் எழப் பார்த்தது. தோளில் ஒரு கை வந்து அழுத்தியது.

"அவ உறங்குறாய்யா" என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளறைக்குக் கேட்கச் சொன்னார். "கொஞ்சம் பொறுங்க, நான் போட்டுத் தாரேன்."

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நான் உறங்குகிறேன் என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு விழிப்பு வந்துவிட்டது என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை, நான் கண்ணைத் திறக்கவில்லை.