உலையில் விழாத அரிசி

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. மீன்காரி கூடையை இறக்கி வைத்தால், விலை கேட்பதற்கு முன் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பேன். "நீயெல்லாம் பரலோக வாசல்ல நின்னுக்கிட்டு, பேதுருகிட்டயே சாவி அசலான்னு கேப்ப" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் மிஷன் பள்ளியில் வாத்தியார். திருநகரில் வளர்ந்த நான், கல்யாணமாகி, எழுபதுகளின் கடைசியில் அவரோடு பேரையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் சபையில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்போம். அறுப்புப் பண்டிகைக்கு அதைப் பொங்கித்தான் அசனம். சபையார் அத்தனை பேரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அரிசியை வாங்கி வைப்பது, மணியடித்துக் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் கோயில்பிள்ளையின் வேலை.

கோயிலின் பின்னறையில் இரண்டு தகர டிரம் இருந்தன. எங்கள் தெரு அரிசி ஒன்றில் விழும். ஊருக்கு வெளியே இருந்த காலனிக்காரர்கள் கொண்டுவரும் அரிசி மற்றதில் விழும். கோயில்பிள்ளை பாதியைத் திருடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எதுக்குண்ணே ரெண்டு டிரம்மு?"

"அவுக போடுறது ரேஷன் அரிசிம்மா. வேக்காடு வேற. கலந்தா சோறு கொழஞ்சிரும்."

நல்ல பதில்தான். ஆனால் அந்த வருஷம் முழுக்க நான் போட்டதும் ரேஷன் அரிசிதான். கர்த்தர் சமைத்தா பார்க்கப்போகிறார் என்ற தைரியம். அது ஒரு கேள்வியும் இல்லாமல் எங்கள் தெரு டிரம்முக்குள் போய்க்கொண்டிருந்தது. விடாமல் கிண்டியதில் விஷயம் வெளியே வந்தது. காலனி அரிசி, சபைக்குப் பெரியவரான மூப்பர் வீட்டு எருமைகளுக்குக் கஞ்சியாகப் போகிறது. "எனக்கென்னம்மா, மூப்பர் சொல்லுறாரு, செய்யுறேன்" என்றார் கோயில்பிள்ளை. இதற்குத் திருட்டே தேவலை என்று தோன்றியது.

அந்த வருஷம் காலனிப் பெண் ஒருத்தி, என்னைவிட இளையவள், புருஷனோடு சேர்ந்து முதன்முதலாக, விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு நிலம் பிடித்து நெல் போட்டிருந்தாள். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, முதற்பலன் என்று ஓலைப்பெட்டி நிறைய அரிசி கொண்டுவந்து கோயில்பிள்ளையிடம் கொடுத்தாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு கோயிலுக்கே வரமாட்டேங்காருக்கா. நம்ம அரிசி அவுக உலையில விழுகாதுடி, விழுந்தாலும் அவுக வாய்க்குள்ள போகாதுங்காரு. அசனத்தன்னைக்கு வந்து கண்ணால பாத்தாத்தான் ஞானஸ்நானம் எடுப்பேன்னுட்டாரு. நீங்க பாத்துக்கிருவீகள்ல?"

"பாத்துக்கிறேன்" என்றேன். அவளிடம் எருமைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அசனத்தன்று விடிந்ததும் பின்னறைக்குப் போய் அந்த ஓலைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். அரிசியைக் கிணற்றடியில் களைந்து, அண்டாவில் உலை கொதிக்கும் நேரம் பார்த்து, சமையல்காரர் தடுக்குமுன் கொட்டிவிட்டேன். மூப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னம்மா பண்ணுறீக?"

"களைஞ்சுதான் போட்டேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. விழுந்த அரிசியை இனி யாரும் பொறுக்கி எடுக்க முடியாது. பெட்டி அரிசி உலையில் விழுந்த சேதி, இலை போடுமுன் பந்தல் முழுக்கப் பரவிவிட்டது.

நான் உட்காரவில்லை. பந்தல் காலோரம் நின்று, யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று வேவு பார்த்தேன். மூப்பர் வீட்டுக்குத் திடீரென்று விருந்தாளி வந்துவிட்டார்களாம். குடும்பத்தோடு கிளம்பிப் போனார்கள். அதை நான் எதிர்பார்த்ததுதான். மற்றவர்கள் தயங்கித் தயங்கிக் கைவைத்தார்கள். பெட்டி கொடுத்தவள் பந்தலுக்குள் இருந்தாள்; அவள் புருஷனும் வந்திருந்தான். பந்தலுக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். மூப்பர் போனதை அவன் சட்டை செய்யவில்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அந்தப் பக்கம் திரும்பினேன்.

என் வீட்டுக்காரர் இலையை மடித்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். வைத்த சோறு அப்படியே உள்ளே இருந்தது.

"என்ன சார், எந்திரிச்சிட்டீக?" என்றார் பரிமாறியவர்.

"காலையில வீட்டுல இட்லி கொஞ்சம் கூடிப்போச்சு."

எங்கள் வீட்டில் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. ஊரில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டவள், இந்த ஒருவரைச் சந்தேகப்படவில்லை. வாசலில் நின்றவன் திரும்பி நடந்தான்.

அவள் அவன் பின்னால் போகவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துவந்து ஓர் இலைமுன் உட்காரவைத்து, பக்கத்து இலையில் தானும் உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்கக்கா."

நான் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தேன். அவள் தன் இலையைத் தொடவில்லை. நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.