பேய் வருமுன் காலை அழுத்துவேன்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பவானியில் வாங்கிய கோடு போட்ட ஜமக்காளத்தை எடுத்து ஹால் ஜன்னலில் மாட்டுவோம். திரைச்சீலையைவிட அது கெட்டி. கோயமுத்தூர் வெயில் ஒரு கீற்றுகூட உள்ளே வராது. என் கணவர் உள்ளறையில் போய்ப் படுத்துவிடுவார். கல்லூரியில் படிக்கும் என் மகள் சோபாவில் நீட்டிப் படுத்துக் காலை என் மடியில் போட்டுக்கொள்வாள். இருவரும் பேய்ப் படம் பார்ப்போம்.

அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே ஆரம்பித்த பழக்கம் இது. பயமுறுத்தும் இடம் வருவதற்கு முன்னால் தனக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. வாயால் சொன்னால் படம் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு படத்தையும் நான் தனியாக ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டு, பேய் வரும் நொடிக்குச் சற்று முன்னால் அவள் கால் கட்டைவிரலை அழுத்துவேன். அவள் வளர்ந்து, என்னைவிடத் தைரியசாலியாகிவிட்ட பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. நான் அழுத்த மறந்தால் காலை ஆட்டுவாள். “டியூட்டி பாரும்மா” என்பாள்.

பேய்ப் படங்களைப் பற்றி எனக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. பேயை முதல் பாதியிலேயே முழுதாகக் காட்டிவிடும் படத்தில் இரண்டாம் பாதிக்கு வேலை இல்லை. திடீரென்று சத்தம் போட்டுத் தூக்கிவாரிப்போட வைப்பது ஒரு திறமையே அல்ல. பின்னால் நின்று குக்கர் மூடியைக் கீழே போட்டாலும் அதே பலன்தான். பேய்க்கு அழுகிற முன்கதை வைப்பதும் எனக்குப் பிடிக்காது. அது ஏன் வந்தது என்று தெரிந்த நிமிடமே பயம் பரிதாபமாகிவிடுகிறது.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது ஒரு கதவு. நான் கல்லூரியில் படித்த காலத்தில் தோழிகளோடு காந்திபுரத்தில் ஒரு தியேட்டருக்குப் போயிருந்தேன். படம் தொடங்கியதிலிருந்து பால்கனியில் ஒரு கும்பல் விசிலடித்துக்கொண்டே இருந்தது. திரையில் ஒரு நீண்ட நடைக்கூடம், அதன் முடிவில் சாத்திய ஒரு மரக்கதவு. கேமரா அசையவில்லை. இசையும் இல்லை. விசில் ஒவ்வொன்றாக நின்றது. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். கதவு திறக்கவே இல்லை, காட்சி மாறிவிட்டது. இத்தனை பேரின் மூச்சை ஒரு சாதாரணக் கதவு பிடித்துவைத்துவிட்டதே என்ற வியப்போடு வீட்டுக்கு வந்தேன். அந்த வியப்பு இன்றுவரை தீரவில்லை.

மாயாஜாலக் கதைகளிலும் அதே வியப்புத்தான். டிராகன்கள் பறக்கும் வெளிநாட்டுத் தொடர்களை நான் தமிழ் டப்பிங்கில் பார்ப்பேன். “அந்த ராணி ஏம்மா நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசறா?” என்று மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்த ராணி மலையுச்சியில் நின்று “நெருப்பே, எழுந்து வா” என்று என் பாஷையில் சொன்னபோது என் கையில் முடி எழுந்து நின்றது. பாம்பாக மாறும் பெண் வரும் சீரியலில் வாலும் உடம்பும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் எதிர்வீட்டு அம்மா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை ஒருநாள் பார்த்தேன். பிறகு அந்த வாலைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மகளுக்கும் எனக்கும் இன்னொரு விளையாட்டும் உண்டு. பேய் பிடித்த பெண் வரும் படமென்றால், அந்தப் பெண்ணைப் போலவே மகள் நடித்துக் காட்டுவாள். நான் மார்க் போடுவேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு அப்படித்தான் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கட்டிலோடு கட்டிவைத்த ஒரு பெண் துள்ளிக்கொண்டிருந்தாள். என் மடியில் இருந்த கால்கள் விறைத்தன. திரும்பிப் பார்த்தேன். மகளின் கண்கள் மேலே சொருகியிருந்தன. கைகள் வெட்டி வெட்டி இழுத்தன.

“கண்ணு நல்லாருக்குது. கைதான் ஓவரு. ஏழு மார்க்குதான்” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் கடைவாயில் எச்சில் நுரைத்து வழிந்தது. என் மகள் அதிலெல்லாம் ரொம்பச் சுத்தம் பார்ப்பவள். எச்சில் கிளாஸ் என்றால் தொடமாட்டாள். நடிப்புக்காகக்கூட அதைச் செய்யமாட்டாள் என்று உறைத்தபோதுதான் கத்தினேன்.

கணவர் ஓடிவந்தார். ஒருவரும் டிவியை நிறுத்தவில்லை. அவர் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே அந்தப் பெண்ணும் துள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு என் மகளுக்குத் தானாக அடங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நம்மவர் நம்மை அடையாளம் தெரியாமல் பார்க்கும் காட்சிதான் பேய்ப் படங்களிலேயே உயர்ந்த காட்சி என்று நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். அந்தக் காட்சியில் அப்படிப் பார்க்கப்படுகிற பக்கம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை என் கணவரின் அக்கா, எனக்கு நங்கையா, காங்கேயத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தார். கையில் செப்புத் தகடு வைத்த தாயத்து.

“ஏம்புள்ள, வாரா வாரம் பேயக் கூப்புட்டு ஊட்டுக்குள்ள உக்கார வெச்சா அது சும்மா போகுமா?”

படுக்கையிலிருந்து மகள் சொன்னாள்: “அத்தை, எங்க ஊட்டுப் பேயெல்லாம் படம் முடிஞ்சா அதும்பாட்டுக்குப் போயிருமுங்க. சாப்பாடுகூடக் கேக்காது.”

“வாயப் பாரு இவளுக்கு! கையக் காட்டு அம்மணி.”

தாயத்தைக் கட்டினார். நான் தடுக்கவில்லை. உள்ளூர எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இந்த வயதில் முதல்முறை வலிப்பு வந்தால் மூளைக்குள் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றார். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். என் மகளுக்குப் பேய் பயமில்லை, மூடிய இடம்தான் பயம். லிஃப்ட்டில்கூட ஏறமாட்டாள். முதல்முறை அந்தக் குழாய்க்குள் தலை போனதுமே பயந்தால் அமுக்கிக் கூப்பிடச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி வெளியே வந்துவிட்டாள். அசையாமல் இருந்தால்தான் படம் சரியாக விழும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் ஸ்கேன் எடுக்கும் பெண். பிறகு என்னைப் பார்த்தார்.

“அக்கா, நீங்க வேணா உள்ள வந்து காலைப் புடிச்சுக்கோங்க. மேல எதும் இரும்பு கிரும்பு இருக்கக்கூடாதுங்க.”

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வளையல், மெட்டி, ஹேர்பின், புடவை மடிப்பில் குத்தியிருந்த ஊக்குகள். தாலிக்கொடியையும் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து வாங்கிக்கொண்டார். மகள் தன் தாயத்தை அவிழ்த்து அதன்மேல் வைத்தாள். “அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங்கப்பா” என்றாள்.

உள்ளே அந்தக் குளிரில், வெள்ளை வளையத்தின் முன் நின்றேன். திரையில் எத்தனையோ மாயவாசல்கள் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் யாரோ போவார்கள். இதற்குள் போனது என் பிள்ளை. வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும்தான். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன்.

இயந்திரம் தட்டத் தொடங்கியது. சுவருக்குப் பின்னால் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல முதலில், பிறகு தறி ஓடுவதுபோல, திடீரென்று நிற்கும், மறுபடி வேறு சத்தம். இந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருக்கவில்லை. அடுத்தது என்ன, எப்போது என்று தெரியாது. அந்தத் தலைக்குள் என்ன தெரியப்போகிறது என்பதும் தெரியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் உடம்புதான் தூக்கிவாரிப்போட்டது. விரல்கள் மட்டும் அசையவில்லை. என் அசைவில் அவள் அசைந்துவிடுவாளோ என்று பயந்து அப்படியே வைத்திருந்தேன். அவள் பந்தை அமுக்கவில்லை. கடைசிவரை அமுக்கவில்லை.

வெளியே வந்து எழுந்து உட்கார்ந்ததும் காதிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

“எப்படிக் கண்ணு இருந்தே அத்தனை நேரம்?”

“நீ அமுத்தவே இல்லையேம்மா” என்றாள். “அதனால ஒண்ணும் வராதுன்னு இருந்துட்டேன்.”

கணவர் தாலிக்கொடியை நீட்டினார். வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றேன். வழி தெரியாமல் நின்றவள் நான். என் பயந்த கையைப் பிடித்துக்கொண்டு அவள் அவ்வளவு தூரம் போய்த் திரும்பியிருக்கிறாள்.

மறுநாள் டாக்டர் படங்களைக் கம்ப்யூட்டரில் நகர்த்திக் காட்டினார். கறுப்பில் சாம்பல் நிற மடிப்புகள் விரிந்து, மாறி, மூடிக்கொண்டன. மலைகள்போல, மேலிருந்து பார்த்த ஆற்றுப் படுகைபோல. எந்த மாயாஜாலப் படத்திலும் அப்படி ஒரு நிலத்தை நான் கண்டதில்லை. இவள் பார்த்த பேய்கள், என் மார்க்குகள், அந்த நியூஸ் வாசிக்கும் ராணி எல்லாரும் இங்கேதான் எங்கோ இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“பயப்படாதீங்க. உள்ள ஒண்ணுமில்லைங்க” என்றார் டாக்டர்.

“எங்க கெமிஸ்ட்ரி சாரும் அதேதான் சொல்றாருங்க” என்றாள் மகள்.

கணவர் சத்தமாகச் சிரித்தார். நான் அழுதேன். பிறகு, கேட்காமல் போகக்கூடாது என்று, பேய்ப் படங்களைப் பற்றிக் கேட்டேன். அதனால் வருவதில்லை என்றார். தலையில் ஒயர்களை ஒட்டி, கண்ணெதிரே விளக்கை மினுக்கிப் பார்த்த பரிசோதனையிலும் ஒன்றும் வரவில்லையாம். மாத்திரையை விடக்கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். மறுபடி வராது என்று மட்டும் யாரும் எழுதிக்கொடுக்க முடியாது.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் நின்றுவிட்டது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஜமக்காளம் மடித்த இடத்திலேயே இருந்தது. அவள் கேட்டால் தலைவலி என்பேன், துணி மடிக்கவேண்டும் என்பேன். அவள் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவுக்கு வெளியே போய் நிற்பேன்.

போன ஞாயிறு அவளே ஸ்டூல் போட்டு ஏறி ஜமக்காளத்தை மாட்டினாள். புதிதாக வந்த ஒரு படத்தைப் போட்டாள். காலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“இத நான் இன்னும் பாக்கலையே” என்றேன். “எங்க என்ன வருமுன்னே எனக்குத் தெரியாது.”

“அது எனக்குத் தெரியுமே.”

“அப்பறம் எப்படி அமுத்தறது?”

“அமுத்த வேண்டாம். சும்மா புடிச்சுக்க.”

படம் தொடங்கியது. இசை இல்லாமல் ஒரு நீண்ட நடைக்கூடம் வந்தது. முடிவில் ஒரு கதவு. நான் திரையைப் பார்ப்பதும் அவள் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவள் கண்கள் கதவின்மேல் இருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளறையில் கணவரின் குறட்டை கேட்டது. அவள் கட்டைவிரல் என் கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. பிடித்துக்கொண்டிருந்தேன்.