சித்தப்பாவின் காலும் நெஞ்சும்

“மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?” என்று டாக்டர் கேட்டபோது சித்தப்பா சிரித்தார். “எங்க ஊர்ல மாடி ஏதுங்க? உப்பும் தண்ணியும்தான்.” டாக்டரும் சிரித்தார். எழுபதுகளின் நடுவில், புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி. அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

சித்தப்பா மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தவர். ஈர வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஊரில் கட்டுப் போட்டதில் எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாக. கால் குட்டையாகி, ஆள் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. எலும்பை மறுபடி வெட்டி, நேராக்கி, தகடு வைத்தால் நடக்கலாம் என்றார் எலும்பு டாக்டர். மயக்க மருந்தையும் ரத்த இழப்பையும் இதயம் தாங்குமா என்று தெரிந்துகொள்ள இந்த டாக்டரிடம் அனுப்பியிருந்தார். நான் அப்போதுதான் பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பேசத் தெரிந்தவன் என்று சித்தி என்னையும் அழைத்து வந்திருந்தார்.

இசிஜியில் குறை எதுவும் தெரியவில்லை. படுத்திருக்கும்போது எடுத்த படத்தை மட்டும் நம்ப முடியாது என்றார் டாக்டர். நடக்கவிட்டுப் பார்க்கவும் வழியில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் கால்வலி நிறுத்திவிடும். நெஞ்சு தன் குறையைச் சொல்ல அவகாசமே இராது. அதனால் கால் ஒடிவதற்கு முந்தைய நாட்களைப் பற்றி விசாரித்தார். சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. உப்பு அம்பாரம் வீட்டுக் கூரையைவிட உயரம், அதில் சாய்த்த பலகை மேல் கூடையோடு ஏறி இறங்கியவன் நான் என்றார். “நெஞ்சு வலி கிஞ்சு வலி ஒண்ணும் கெடையாதுங்க.”

டாக்டர் எழுதத் தொடங்கினார். அப்போது சித்தி வாய் திறந்தார். அவரும் அதே பலகையில் கணவருக்குப் பின்னால் கூடையோடு ஏறியவர்தான்.

“பாதியில நின்னுடுவாருங்க. கூடைய எறக்கி வெச்சிட்டுத் தலப்பாவ அவுத்து அவுத்துக் கட்டுவாரு.”

“ஏய், சும்மா இருடி. அது வெயிலுக்குக் கட்டறது.”

உப்பளம் முழுக்கத் தெரிந்த வேடிக்கை அது. “இன்னா மாமா, பொண்ணு பாக்கப் போறியா?” என்று கீழேயிருந்து கத்துவார்கள். “ஒங்க அக்காளத்தான்டா” என்பார் சித்தப்பா. நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எவ்ளோ நேரம் நிப்பாரு?”

“வேர்வ அடங்கற வரைக்கும். மொகம் வெளுத்துப் பூடும். அப்புறம் ஏறுவாரு.”

சித்தப்பா தரையைப் பார்த்தபடி, “மாருல பாறாங்கல்ல வெச்சாப்பல இருக்கும். நின்னா பூடும். சொன்னா அம்பாரத்துல ஏத்த மாட்டாங்க” என்றார்.

நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை கொடுத்து, சில மாதம் பார்க்கலாம் என்றார்கள். நெஞ்சு வலி அடங்கவில்லை. படுத்திருக்கும்போதும் வர ஆரம்பித்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று கடைசியாகச் சொல்லியனுப்பிய நாளில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, சித்தப்பா சித்தியைப் பார்க்காமல் சொன்னார்: “ஒனக்குப் புருஷன் வேணும், எனக்குக் காலு வேணும். நீ கெலிச்சிட்ட.” பஸ்ஸில் சித்தி ஊர் வரும்வரை அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார், பஸ் குலுங்கும்போது இடிபடாமல்.

இன்று, நடக்க முடியாதவரின் நெஞ்சையும் மருந்து செலுத்திப் படம்பிடித்துப் பார்க்கிறார்கள். அடைப்பிருந்தால் அதைச் சரிசெய்து, உடம்பு தேறிய பிறகு காலைத் தொடுகிறார்கள். அன்று இருந்தது இசிஜியும், பின்னால் ஏறிவந்த ஒரு மனைவியின் கண்ணும்தான்.

சித்தப்பா அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் இருந்தார். காலையில் உப்பளத்துக்குப் போகுமுன், சித்தி அவரைத் தோளில் தாங்கிச் சவுக்குத் தோப்பு வரை அழைத்துப்போவார். வழியில் சித்தப்பா நின்றுவிடுவார். காலா, நெஞ்சா என்று சித்தி கேட்கமாட்டார். அவர் மறுபடி அடியெடுத்து வைக்கும்வரை தானும் நிற்பார்.