பனிக்காலத்துப் பட்டாசு

காலை ஐந்து மணி இருபது நிமிடம். அவுட்டர் சிக்னலுக்கு அப்பால் பட்டாசு இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. சேலம் பக்கமிருந்து வந்த கூட்ஸ் வண்டி வேகம் குறைத்தது. எல்லாம் ரூல்படிதான் நடந்தது. என் வீட்டில் மட்டும் அந்த நிமிடத்திலிருந்து எல்லாம் குலைந்தது.

ஸ்டேஷன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மார்கழியில் நடந்தது. 

கம்பைநல்லூர்ப் பக்கத்துப் புளியும் கேழ்வரகும் மூட்டை மூட்டையாக ஏறும் சிறிய ஸ்டேஷன் அது. நான் ஸ்டேஷன் மாஸ்டர். பிளாட்பாரத்தை ஒட்டியே குவார்ட்டர்ஸ். என் ஒரே மகன் ராஜு, பர்மாவில் வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் போட்ட சண்டையிலிருந்து தகரப் பெட்டியோடு திரும்பி வந்திருந்தான். கை கால் எல்லாம் முழுசாக இருந்தன. பகலில் சிரிப்பான், சாப்பிடுவான். தட்டு விழுந்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அங்கே என்ன பார்த்தான் என்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

ஆகவே ஸ்டேஷன் சத்தங்களை ஒவ்வொன்றாக அடக்கினேன். எங்கள் மணி என்பது கம்பியில் தொங்கும் ஒரு துண்டுத் தண்டவாளம். அதை அடிக்கும் சுத்தியலுக்குச் சாக்குத் துணி சுற்றினேன். மூட்டைகளை எறியாமல் இறக்கச் சொன்னேன்.

போர்ட்டர் கோவிந்தன் சிரித்தான். "மணிக்குக் கம்பளி போத்திட்டீங்க. இஞ்சினுக்கு எப்பங்க சார் போத்தறது?"

பட்டாசை மட்டும் என்னால் அடக்க முடியாது. தண்டவாளத்தின் மேல் கட்டி வைக்கும் தட்டையான தகர வெடி அது. சக்கரம் ஏறினால் வெடிக்கும். பனியில் சிக்னல் தெரியாவிட்டாலும், ஸ்டேஷன் நெருங்கிவிட்டது என்று டிரைவருக்கு அந்தச் சத்தம்தான் சொல்லும். அன்று எதிரே இருந்த விளக்குக் கம்பமே தெரியவில்லை. பட்டாசு கட்டிப் பனிக்காவல் நிற்க ஸ்டேஷன் ஆள் முனியனை அனுப்பினேன். அவுட்டர் தூரம்தானே, மகன் தூங்கட்டும் என்று நினைத்தேன். பனியில் சத்தம் எவ்வளவு கிட்டத்தில் கேட்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

கூட்ஸ், வண்டிகள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"பனிக்குள்ள ஒருத்தன் லைன் ஓரமா எதிர்த்தாப்புல ஓடினான் சார். கூப்பிட்டேன், திரும்பல. உங்க ஆளுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி கூந்தல் அவிழ்ந்து கிடக்க ஓடி வந்தாள். "ஏங்க, ராஜு வூட்ல இல்லீங்க. கதவு தொறந்து கெடக்குது."

கோவிந்தன் கைவிளக்கோடு அவுட்டருக்கு ஓடினான். நான் போக முடியாது. டூட்டியில் இருக்கிற ஒரே மாஸ்டர், அடுத்த ஸ்டேஷனோடு பேசி வண்டியை வரவிடும் பிளாக் கருவியை விட்டு நகரக் கூடாது.

கோவிந்தன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "முனியனையும் காணம் சார். கணப்பு எரியுது, பட்டாசு டப்பா தொறந்தபடியே கெடக்குது. ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பாத்தேன். சத்தமே இல்லீங்க."

அப்போது பிளாக் மணி அடித்தது. அதே பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர், வண்டியை அனுப்ப அனுமதியான லைன் கிளியர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. போனில் கத்தினார்.

"என்னய்யா தூங்கறியா? பட்டாளத்து ஸ்பெஷல் நிக்குது."

"அவுட்டர்ல பனிக்காவல் ஆள் இல்லை சார். என் பையன் லைன்ல எங்கேயோ இருக்கான்."

அவர் குரல் தணிந்தது. "வண்டி பூரா சண்டைக்குப் போய்ட்டு வூடு திரும்பறவங்கய்யா. அவசரத்துல ஜன்னலத் தட்டிக்கிட்டு ஆட்டம் போடறாங்க."

"இன்னுங் கொஞ்ச நேரம் ஆடட்டும் சார்."

"சரி, நான் பாத்துக்கறேன். நீ பையனத் தேடு."

லைன் கிளியர் கொடுப்பது கைப்பழக்கமாகிவிடும். கருவியைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும், அந்தப் பாதையில் யாரோ ஒருவருடைய பிள்ளை நிற்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷ வேலையில் நான் கற்றது அவ்வளவுதான்.

பிறகு காத்திருந்தோம். பிளாட்பாரம் பனியில் கரைந்து, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சிக்னல் விளக்கு தண்ணீருக்குள் கிடக்கும் செம்பருத்தி போலக் கலங்கித் தெரிந்தது. புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின. நிற்கும் இன்ஜின் உறங்கும் மாடு போல மெல்ல மூச்சு விட்டது. ஒவ்வொரு நிழலும் ராஜுவாகத் தோன்றி மரமாக முடிந்தது. என் மனைவி அவுட்டர் பக்கமே பார்த்து நின்றாள். வாயைத் திறந்தால் பனி உள்ளே போய்விடும் என்பதுபோல முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெளுக்கத் தொடங்கியபோது ஒரு நிழல் மரமாகவில்லை. நடந்தது. அருகில் வந்ததும் இரண்டாகப் பிரிந்தது. முனியன், இடுப்பு வரை சேறு. அவன் தலைப்பாகைத் துணியைப் போர்த்திக்கொண்டு ராஜு. முனியனின் மணிக்கட்டை அவன் விடாமல் பிடித்திருந்தான். அவன் தாய் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் விரல்கள் தளர்ந்தன. அவள் வீட்டுக்குள் அழைத்துப் போனாள்.

"எங்கடா போனீங்க?" என்று முனியனைக் கேட்டேன்.

"லைனுக்கு அடியில தண்ணி போற மோரிக்குள்ளதாங்க ஐயா. பட்டாசு வெடிச்சுதா, கூட்ஸ் தாண்டுச்சா, தம்பி பறந்துக்கிட்டு வந்துச்சு. என்னையக் கட்டிப் புடிச்சு மோரிக்குள்ள தள்ளி, மேல படுத்துக்கிச்சு. கோவிந்தன் கூப்பிட்டது கேட்டுதுங்க. வாயப் பொத்திட்டுது, எப்படிங்க பேசறது?"

"அடிச்சானா உன்னை?"

"அய்யோ, இல்லீங்க. காதுக்குள்ள சொல்லிக்கிட்டே கெடந்துது. 'அசையாத. இந்த வாட்டி உன்ன உட்டுட்டுப் போவ மாட்டேன், அசையாத'ன்னு."

முனியன் முகத்துச் சேற்றைத் துடைத்தான். எங்கள் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்:

"ஏங்க ஐயா, தம்பி அங்க யார உட்டுட்டு வந்துச்சு?"