இடம் சுற்றிய ரயில்

தகரத்தை மடித்துத் தண்டவாளம் செய்யலாம் என்று நான் சொன்னது வெறும் வாய்ச்சொல். அதுவரை ஒரு முழம்கூடச் செய்ததில்லை. விழுப்புரம் பிளாட்பாரத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பெரிய மரப்பெட்டி ஒன்றைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் பொம்மை ரயில் இருப்பதாகச் சொன்னார்கள். தண்டவாளம் போதாது, கூடுதலாகச் செய்ய வேண்டும், மின்சாரக் கம்பி இழுக்க வேண்டும் என்றார்கள். திருவிழாக்களில் சீரியல் விளக்கு கட்டியிருக்கிறேன், எல்லாம் தெரியும் என்றேன். ஆறாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடியவனுக்கு அந்த நாட்களில் தெரியாதது என்று எதுவும் கிடையாது. சாப்பாடு கிடைக்கும் என்றால் எல்லாமே தெரியும்.

ஐம்பதுகளின் கடைசி. புருஷன்காரர் அந்த விழுப்புரம் ரயில் பாதையிலேயே, இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தவர். கரித்துண்டு தெறித்து ஒரு கண் போனது, வேலையும் போனது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று ஊருக்குப் போகும்போது விற்ற ரயிலைச் சென்னையில் வாங்கி, திருவிழாவுக்குத் திருவிழா கொட்டகை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். முந்தைய ஊரில் மழை. அதற்கு முந்தைய ஊரில் இடமே கிடைக்கவில்லை. "அண்ணாமலையிலயும் இடம் கெடைக்கலைன்னா இன்ஜினை வித்துட்டு இவ அண்ணன் வூட்டு மாட்டுக்கொட்டாயிலதான் போய்ப் படுக்கணும்" என்று ரயிலில் வரும்போதே சொன்னார். அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "அந்தக் கொட்டாயில மாட்டுக்கே இடமில்ல" என்றாள்.

திருவண்ணாமலை தீபத் திருவிழாப் பொருட்காட்சியில் ஒரு மூலை கிடைத்தது. முழுதாகக் கிடைக்கவில்லை. கமிட்டித் தலைவர் அரிசி மண்டிக்காரர், நெற்றி நிறைய விபூதி. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் விளக்கு வைப்பதற்குள் ரயில் ஓடுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மூலையை மோட்டார் சைக்கிள் ஓட்டும் மரணக் கிணற்றுக்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மரணக் கிணற்று ஆட்கள் அதைக் கேட்டுவிட்டு, பலகைகளை எங்கள் கொட்டகைக்குப் பக்கத்திலேயே அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்து பீடி பிடித்தபடி காத்திருந்தார்கள்.

மற்ற ஊர்களில் அவர் ரயிலைச் சின்ன வட்டத்தில்தான் ஓட்டினார். இந்த ஊருக்குப் பெரிய மேஜை போட்டு, அதன் நடுவில் மலை, சுற்றிலும் ரயில் என்று திட்டம். அவர் மனைவி, அதற்குள் எனக்கு அண்ணி, மூங்கிலைக் கட்டி, மேலே சாக்கைப் போர்த்தி, செம்மண் பூசி மலையை எழுப்பினாள். மலையைச் சுற்றி எட்டு லிங்கங்களைக் களிமண்ணில் பிடித்து வைத்தாள். அதற்காகவே முதல் நாள் வெறுங்காலில் மலையைச் சுற்றி வந்திருந்தாள்.

தண்டவாளம் என் பாடு. மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, பட்டைகளாக்கி, இரும்புச் சட்டத்தின்மேல் மடித்துத் தட்டினேன். பெட்டிப் பலகையைச் சீவி அடியில் குறுக்குக் கட்டைகள் போட்டேன். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அகலம் மாறாமலிருக்க ஒரு குச்சியில் வெட்டுப்போட்டு அளவு வைத்துக்கொண்டேன். ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், முன்னதன் நுனியைப் பின்னதன்மேல் ஏற்றிவைத்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஓடு வேய்வதுபோல. சக்கரம் மேலிருந்து கீழே இறங்கிப் போகும், எங்கும் இடிக்காது. இந்த யோசனை எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

மின்சாரத்துக்கு ஒரு லாரி பேட்டரி. அதிலிருந்து ஒரு கம்பி இந்தத் தண்டவாளத்துக்கு, இன்னொரு கம்பி அந்தத் தண்டவாளத்துக்கு. இடையில் அடுப்புக் கம்பிச் சுருள் ஒன்று. அதில் கிளிப்பை நகர்த்தினால் வேகம் கூடும், குறையும். இரண்டு தண்டவாளமும் எங்கேயும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இவ்வளவுதான் வயரிங்.

கெடு நாள் மதியம் கம்பியைக் கொடுத்தேன். இன்ஜின் அசையவில்லை. சுருள் சிவந்தது. கம்பியின் துணி உறை கருகும் நாற்றம் வந்தது. தலைக்கு மேலே காய்ந்த கீற்று. கம்பியைப் பிடுங்கியதில் என் உள்ளங்கை பொரிந்துபோனது.

"இன்னா ஃபயர்மேனு, கரி போட மறந்துட்டியா?" என்று பலகைமேலிருந்து ஒருவன் கேட்டான்.

நான் தண்டவாளத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போனேன். மலையடியில் அண்ணி ஒரு குளம் வைத்திருந்தாள். தண்ணீருக்குச் சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாள். கட்டைகள் தெரிந்தால் அசிங்கம் என்று தாளை இரண்டு தண்டவாளத்துக்கும் கீழே இழுத்துச் செருகி ஓரத்தை மேலே மடித்துவிட்டிருந்தாள். மின்சாரம் முழுவதும் அந்தக் குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கொளம் வேணும்னு யார் கேட்டா?" என்றார் அவர்.

"மலைன்னா கொளம் இருக்கும். பாத்துட்டுத்தான வந்தேன்" என்றாள்.

தாளைக் கிழித்து எறிந்தேன். மறுபடி கம்பியைக் கொடுத்தேன். இன்ஜின் ஒரு உதறு உதறி, மூன்று பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பியது. ஒரு தட்டு இல்லை, தடங்கல் இல்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. அந்த நேரத்தில்தான் கமிட்டித் தலைவரும் வந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்புக்கூடத் தெரிந்தது. கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த பூக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, மலைய இடமா சுத்துது!"

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. தலைவர் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. ரயில் எங்களுக்கு முன்னால் இடமிருந்து வலமாக, எழுத்து ஓடுகிற மாதிரி, அழகாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லா ஊரிலும் ஃபயர்மேன் அப்படித்தான் ஓட்டினார். அங்கெல்லாம் நடுவில் மலை இல்லை. இங்கே மலை ரயிலுக்கு இடப்பக்கம் இருந்தது.

"ஐயா, இது அப் லைன். அப் லைன்ல வண்டி இப்படித்தான்…" என்று ஆரம்பித்தார் ஃபயர்மேன்.

"மலைக்கு ஏதுய்யா அப்பு, டவுனு? வலம் ஒண்ணுதான். இடமா சுத்துறது எழவுக்கு. நாளைக்குக் கொடி ஏறுது, இன்னிக்கு இத்த ஓட வுட்டா ஊரு என்னச் சும்மா வுடுமா? இடமா சுத்துனா இடம் கெடையாது."

யாரோ சிரித்தார்கள். தலைவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. "சாயரட்சை பாத்துட்டு இப்படியேதான் வருவேன். அதுக்குள்ள மாத்து. இல்லன்னா பிரி" என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் நடந்தார்.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நேத்து முழுக்க மலைய வலது கையில வெச்சிக்கிட்டு நடந்தேனே, எனக்கே ஒறைக்கலியே."

ஃபயர்மேன் இன்ஜினைத் தூக்கித் திருப்பி வைத்தார். நான் மின்சாரம் கொடுத்தேன். இன்ஜின் பின்பக்கமாக, அதே இடச்சுற்றாகவே போனது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. வண்டியை எப்படித் திருப்பி வைத்தாலும், எந்தத் தண்டவாளத்தில் எந்தக் கம்பி என்பதுதான் திசை. எனக்கு அது அப்போதுதான் புரிந்தது. பேட்டரியில் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் போட்டேன். இன்ஜின் வலமாகக் கிளம்பியது. முதல் இணைப்பில் 'டக்' என்று இடித்து, தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சாய்ந்தது. எடுத்து வைத்தேன். அடுத்த இணைப்பிலும் அதேதான்.

அவர் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். "தண்டவாளமா போட்டிருக்க? ஓடு வேஞ்சிருக்க."

இடச்சுற்றில் சக்கரம் இறங்கிப் போன ஒவ்வொரு நுனியும் வலச்சுற்றில் படியாக எதிர்த்து நின்றது. மலையைச் சுற்றிலும் அத்தனை படிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஈயத்தை உருக்கிச் சரிவு வைத்து, அரத்தால் ராவ வேண்டும். வேறு வழி இல்லை.

அண்ணி கரியடுப்பை விசிறினாள். பற்றவைக்கும் இரும்பு காய்ந்ததும் நான் ஈயம் பிடிப்பதற்காகக் குங்கிலியப் பிசின் தொட்டு, ஈயம் வைத்துக்கொண்டே போனேன். அவர் பின்னாலேயே ராவிக்கொண்டு வந்தார். பொரிந்த கையால் இரும்பைப் பிடிப்பது சிரமம். இடது கையில் பிடித்தேன், ஈயம் கண்ட இடத்தில் சொட்டியது. வெளிச்சம் குறையக் குறைய அவருடைய ஒற்றைக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே நுனிகளைத் தேடினார். விரல் கிழிந்து, தண்டவாளத்தில் ரத்தம் பட்டது. அண்ணி அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். மரணக் கிணற்று ஆட்கள் முதல் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கொட்டகை வாசலில் சாத்தினார்கள். பிறகு இரண்டாவது.

"அங்க வெக்காதய்யா" என்றாள் அண்ணி.

"சும்மா சாத்தி வெக்கிறோம்மா. தலைவர் வந்தா எடுத்துடுவோம், இல்ல நட்டுடுவோம்."

கடைசி இணைப்பை நான் ராவும்போது தலைவர் வந்துவிட்டார். கையில் பிரசாதத் தொன்னை. பூக்காரியும் கூட்டமும் பின்னாலேயே.

ஓட்டிப் பார்க்க நேரமில்லை. மேஜைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து கிளிப்பை நகர்த்தினேன். மதியம் அந்தக் குளம் குடித்த மின்சாரத்தால் பேட்டரி சோர்ந்து போயிருந்தது. ரயில் மெதுவாகக் கிளம்பியது. எனக்கு மேலே சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு இணைப்பிலும் சின்னதாக ஒரு 'கிறீச்', அதை வைத்தே ரயில் எங்கே என்று கணக்கு வைத்தேன். அக்னி லிங்கம், எம லிங்கம் தாண்டியது. மலைக்குப் பின்னால் போய் வெளியே வந்தது. குபேர லிங்கத்துக்கு எதிரில் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

துடைக்காமல் விட்ட குங்கிலியம். அது பட்ட இடத்தில் மின்சாரம் ஏறாது. ஃபயர்மேனின் கால்கள் மேஜையை நோக்கி நகர்ந்தன. இன்ஜினைக் கையால் தள்ளிவிடப் போகிறார் என்று தெரிந்தது. தள்ளினால் தீர்ந்தது, ஓடாத ரயில் என்று ஆகிவிடும். அண்ணியின் கை அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

அப்போது பூக்காரியின் குரல்: "அட, லிங்கத்தண்ட நின்னுதுடி! கும்பிட்டுட்டுத்தான் போவும்போல."

நான் கிளிப்பைக் கோடிவரை தள்ளினேன். நிமிர்ந்து, தலையால் மேஜைப் பலகையை ஒரு முட்டு முட்டினேன். பலகை அதிர்ந்தது. மேலே 'கிறீச்' என்றது. ரயில் நகர்ந்தது.

வெளியே வந்து பார்த்தபோது தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். ரயில் சுற்றை முடித்துப் பொம்மை ஸ்டேஷனுக்கு வந்ததும் கிளிப்பைப் பிடுங்கி நிறுத்தினேன். நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்தோம்.

"அது இன்னாய்யா, குபேரன்கிட்ட மட்டும் நிக்குது? காசுக்காகத்தான் சுத்துதா?"

அண்ணிதான் சொன்னாள்: "இன்னிக்கு ஒத்திகைங்க. நாளைக்கு எட்டுலயும் நிக்கும்."

"நிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் பலகைக்காரர்கள் பக்கம் திரும்பினார். "எடுங்கய்யா அந்தாண்ட."

காலையில் காட்பாடி வண்டியைப் பிடித்து நழுவிவிடுவது என்று நான் வைத்திருந்த எண்ணம் அதோடு போயிற்று. எட்டு லிங்கத்துக்கு எதிரிலும் ஒரு பக்கத் தண்டவாளத்தை இரண்டு இடத்தில் அறுத்து, மின்சாரம் தாண்டாமலிருக்கத் தபால் அட்டையைச் செருகினேன். நடுவே பிரிந்த தண்டவாளத் துண்டுகளுக்கு மட்டும் தனிக் கம்பி இழுத்து ஒரு காலிங்பெல் பொத்தானுக்குக் கொண்டுவந்தேன். அதை டிக்கெட் கிழிக்கும் அண்ணியின் காலடியில் பதித்தேன். அவள் பொத்தானை மிதித்திருக்கும்வரை ரயில் ஓடும். குதிகாலைத் தூக்கினால் லிங்கத்தின் முன் நிற்கும். எந்த லிங்கத்தில் ஜனங்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பது நடந்து வந்தவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கும்பிடு போடும் நேரம் நிறுத்தினாள்.

குபேர லிங்கத்தில் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.